சக்கரம் இல்லாத தேர்

1

போன வாரம் பர்மிட் ஆபீசில் என் மனைவி பாவாயியின் வலது கையை மூன்று அதிகாரிகள் மாறி மாறிப் பார்த்தார்கள். கைரேகை பார்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் அதைவிடப் பெரியது.

பினாங்குக்கு வந்த பிறகு பாவாயி முதல் முறையாக ஊருக்குப் போகிறாள். திருச்செங்கோட்டுப் பக்கம் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தைக்காரி வராமல் ஒரு சீரும் நகராது என்று அண்ணன் ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் மகள் சரோஜாவும் கூடப் போகிறாள். எனக்குப் பட்டறையில் லீவு இல்லை. மலாயாவை விட்டுப் போகிற எங்களைப் போன்றவர்கள், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே பர்மிட் வாங்கி வைக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் திரும்பாவிட்டால் அந்தப் பர்மிட் வெறும் காகிதம்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரர் கணவன் பெயரைக் கேட்டார். பாவாயி என்னைப் பார்த்தாள். நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா? பக்கத்தில் நிற்கிற ஆளின் பெயர்கூடத் தெரியாத இவள் எப்படி மனைவி என்று அவர் முகம் கோணியது. சரோஜா சொல்லிக் காப்பாற்றினாள். அடுத்து, அங்க அடையாளம் என்ன என்று கேட்டார். பாவாயி முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

முழங்கையில் தொடங்கி மணிக்கட்டு வரைக்கும் பச்சை. ஒரு விரல் வைக்கக்கூட வெற்றிடம் கிடையாது. மலாய்க்காரர் பக்கத்து மேஜைச் சீனரைக் கூப்பிட்டார். சீனர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூவரும் குனிந்து பார்த்து, "பகோடா" என்று தீர்ப்புச் சொன்னார்கள். நம் ஊர் டீக்கடைப் பகோடா இல்லை, சீனர்கள் கட்டுகிற அடுக்குக் கோபுரம்.

"பகோடா இல்லை, இது தேர்" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

"தேர் என்றால் சக்கரம் எங்கே?" என்றார் அவர்.

நான் பாவாயியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் 'வலது முன்கையில் பகோடா' என்று எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் பாவாயி நடு வாசலில் நின்றாள். "ஏனுங்க, ஊருக்குப் போறதுக்குள்ள இதுக்குச் சக்கரம் வெச்சுப்போடோணுமுங்க."

2

சக்கரம் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் பாவாயி சொல்லிச் சொல்லி, நானும் அவள் பிறந்த வீட்டுக் களத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தது போலவே ஆகிவிட்டது.

அப்போது நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்குப் பச்சை குத்தி அனுப்புவது பிறந்த வீட்டுக் கடமை. "நகை போட்டா அடகுக் கடைக்குப் போயிருமுங்க. பச்சைய எந்த மாப்பிள்ளையும் கழட்ட முடியாது" என்று என் மாமியார் சொன்னாராம். அந்த வார்த்தை யாரைக் குறிவைத்து வந்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

பச்சை குத்துகிற பெண் ஊசிக் கட்டும், விளக்குக் கரியில் கரிசலாங்கண்ணிச் சாறு கலந்த கொட்டாங்குச்சியுமாக வந்து களத்தில் உட்கார்ந்தாள். பாவாயி, "சின்னதா ஒரு கோலம் போதுமுங்க" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. கை மட்டும்தான் அவளுடையது. என்ன குத்துவது என்பது ஊர் விவகாரம்.

மாமியார் தேர் என்றார். பாவாயி பிறந்தது திருச்செங்கோட்டில் தேர் ஓடிய நாளில். பெரியம்மாவுக்குத் தேரின் உச்சியில் ஜோடிக் கிளி வேண்டும். "தேருன்னா அடுக்கு வேண்டாமா? ஏழடுக்காப் போடு" என்றார் அத்தை. என் அம்மா சும்மா இருப்பாரா? "எங்க ஊட்டுக்கு வார பொண்ணு கையில ஆனை இருக்கோணும்" என்று எங்கள் ஊரிலிருந்து ஆள் அனுப்பினார். அதுவும் ஒற்றை யானை ஆகாதாம், வரிசையாக வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வேலியோரம் நின்றபடியே, தேள் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்றார். சித்திதான் பாவம், எனக்காகப் பேசினார். மாப்பிள்ளை பேரைக் குத்தச் சொன்னார்.

பச்சை குத்துகிறவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மிணிகளா, நீங்க சொல்றதயெல்லாம் குத்தோணுமுன்னா புள்ள கை பத்தாதுங்க. ஆனை முதுகு வேணும்" என்றாளாம்.

பேச்சுவார்த்தை நடந்தது. முதலில் கழிந்தது என் பெயர். "மாப்பிள்ளைதான் ஊட்டுக்குள்ளயே இருக்கப் போறாரே, எழுதி வேற வெக்கோணுமா?" என்று மாமியார் தள்ளுபடி செய்தார். அடுத்துத் தேள் போயிற்று. மற்றதில் ஒன்றையும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கையில் கிளியில் ஆரம்பித்தாள். பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கிளிக்குச் சதைப்பிடிப்பு வேண்டும் என்றார். கிளி இரண்டும் கொழுத்தன. பிறகு கலசம், பிறகு ஏழு அடுக்கு, தேரில் தொங்கவிடுகிற துணித் தொம்பை, தோரணம். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாள். யானை வரிசை முடிந்ததும் பாட்டு நின்றது. மணிக்கட்டு வந்துவிட்டது. சக்கரத்துக்கு இடம் இல்லை.

ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடித் தேர் வரையக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் குற்றம் சொல்வதில் மும்முரமாக இருந்தார்கள். புறங்கையில் சக்கரம் குத்திவிடலாம் என்று பச்சை குத்துகிறவள் சமாதானம் சொன்னாள். அத்தை மறித்தார். "கல்யாணத்துல கைகோர்வைச் சீரு இருக்குது. பொறங்கை வீங்கிப் போச்சுன்னா மாப்பிள்ளை எதையப் புடிக்கறது?"

நியாயம்தான். கல்யாணத்தில் மணமக்கள் கை கோர்க்கிற அந்தச் சீரில் ஆகாயத்தையா பிடிக்க முடியும்? மறுவீட்டுக்கு வரும்போது சக்கரம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மறுவீட்டுக்குப் போனபோது பச்சை குத்துகிறவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வாழப்பாடிப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த அறுவடைக்கு அவர்கள் வருவதற்குள் நான் முதலில் கப்பல் ஏறி, பாவாயியையும் வரவழைத்துக்கொண்டுவிட்டேன்.

அந்தக் கையை முதலில் பார்த்தபோது, பட்டறைக்காரன் புத்தியில், "பாடி நல்லாத்தான் கட்டியிருக்காங்க, அடியில சக்கரத்தோட இருக்கற சேசிஸ் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அன்று பாவாயி எனக்குச் சோறு போட்டது முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

3

பினாங்கில் நான் பேருந்துக்குப் பாடி கட்டுகிறேன். காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாயத்தான் வீடு. கடைகண்ணி எல்லாம் பாவாயி பாடு. மலாய் அவளுக்கு எட்டாது என்று நான்தான் தப்பாக நினைத்தேன். விலை என்ன என்பதற்கு மலாயில் 'பெராப்பா' என்பார்கள். பாவாயி அதற்கும் மரியாதை சேர்த்து "பெராப்பாங்க?" என்று கேட்பாள். கீரை விற்கும் சீனக் கிழவிக்கு அது பிடித்துப்போய், இப்போது அந்த அம்மாளும் விலை சொல்லும்போது கடைசியில் ஒரு 'ங்க' போடுகிறாள். கொங்குத் தமிழ் கடல் கடந்தது இப்படித்தான்.

அந்தக் கிழவி பாவாயிக்கு எப்போதும் ஒரு பிடி கீரை கூடுதலாகக் கொடுப்பாள். காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. கையில் கோபுரத்தைச் சுமக்கிற பெண் பெரிய புண்ணியவதி என்று தெருவில் பேச்சு. புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுச் சீனர்கள் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து முதலில் அவள் கையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பாவாயி மறுத்துச் சொல்வதில்லை. சும்மா வருகிற கீரையை யார் வேண்டாம் என்பார்கள்?

சரோஜாவுக்கு மட்டும் அந்தக் கை பாரம். கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். இங்கே பச்சை குத்திய கை என்றால் சண்டைக்காரக் கும்பலின் கை. பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, நாளைக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கிட்டு வாங்களேன். எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பாவாயி கண்ணாலேயே என்னை அடக்கினாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ரவிக்கையை, அந்தப் புழுக்கத்தில், கழுத்து வரை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகள் பரிசு வாங்கியபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்டுவிட்டு, "திருநா முடிஞ்சா தேருக்குக் கீத்துக் கட்டி மூடறதுதானுங்களே" என்று சிரித்தாள். பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அந்தக் கைக்கு வெகுநேரம் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனசு வலித்தது, எனக்கும்தான்.

4

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். சக்கரம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

பாவாயியின் அண்ணன், அதாவது என் மச்சான், அழைத்தது கல்யாணத்துக்கு மட்டும் இல்லை. சொல்லி அனுப்பிய ஆள் இன்னொன்றும் சொன்னார். "சரோஜாப் புள்ள பெரிய மனுசியாகற வயசாச்சு. சீமையில வெச்சு என்ன பண்றது? தங்கச்சிக்குத் தோட்டத்து ஊட்ட ஒழிச்சு வெச்சிருக்கறேன். புள்ள நாமக்கல்லுல படிக்கட்டும். மாப்பிள்ளை அங்க சம்பாரிச்சுட்டு, முடியறப்ப வந்து போகட்டும்."

இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன. மனைவி மக்கள் ஊரில், ஆண்கள் இங்கே, ஒரே வீட்டில் பத்துப் பேராகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. அந்தச் சோற்றை நானும் வந்த புதிதில் தின்றிருக்கிறேன்.

பாவாயி அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "உன் இஷ்டம்தான் பாவாயி" என்று நான் பெரிய மனிதனைப் போல ஒரு முறை சொல்லிவைத்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்த முதல் சில வருஷங்களில், துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம், "இது நாகப்பட்டணம் போறதுங்களா?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லைதான். ஆனால் கேட்காத கேள்வி மனசில் இல்லை என்று யார் சொன்னது?

இத்தனை வருஷம் நின்ற தேருக்குத் திடீரென்று எதற்குச் சக்கரம்? ஓடுவதற்குத்தானே? பயந்துகொண்டே கேலி பேசினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

5

சக்கரம் என்று முடிவான பிறகு எப்படிப்பட்ட சக்கரம் என்று ஆரம்பித்தது. அடுப்படிச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியோடு மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

நான் முதலில் வரைந்தேன். ரிம், நட்டு, டயரில் பட்டன் பட்டனாக மேடு எல்லாம் தத்ரூபமாக வந்திருந்தன. பாவாயி பார்த்தாள். "தேருங்களா, லாரிங்களா? அப்படியே பின்னால 'சத்தம் எழுப்பு'ன்னும் எழுதிப்போடுங்க."

சரோஜா சிரித்துவிட்டாள். அவளுக்கு இந்தக் கூட்டத்தில் இஷ்டமே இல்லை. புறங்கையில் குத்தினால் எந்த முழுக்கை ரவிக்கையும் மறைக்காது என்பது அவள் கவலை. "சின்னதா, ஒண்ணே ஒண்ணு போதும்மா" என்று பேரம் பேசினாள்.

"ஒத்தச் சக்கரத்துல தேரு நிக்குமா சாமி?" என்றாள் பாவாயி.

நான் வரைந்ததைப் பொறுக்க முடியாமல் சரோஜா சாக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பள்ளியில் சித்திரத்தில் பரிசு வாங்கியவள். அழகாக இரண்டு வட்டம் போட்டு, மெல்லிய கம்பிகளாக இழுத்தாள். சைக்கிள் சக்கரம்.

"தேருச் சக்கரத்துக்குக் கம்பி ஏது கண்ணு? மொத்தமாப் பலகைய அறுத்துச் சேத்தி, சுத்தியும் இரும்புப் பட்டை போட்டிருப்பாங்க. ஆளு ஒசரம் இருக்கும்."

"ஆளு ஒசரமா?" என்று சரோஜா நிமிர்ந்தாள். "அவ்ளோ பெரிசை எப்படி நிறுத்துவாங்க?"

"முட்டுக்கட்டை போடுவாங்க. சக்கரத்துக்கு அடியில மரக்கட்டையச் செருகறது. உசுரப் பணயம் வெச்சுத்தான் போடோணும்."

"அதையும் வரையணுமாம்மா?"

பாவாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது வேண்டாம். அந்த வேலைக்கு உங்கப்பாரு இருக்காரு."

நான் வரைந்த லாரிச் சக்கரத்தைத் துடைத்து அழிக்க ஆரம்பித்தேன். வாயைத் திறந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். சரோஜா அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழித்து அழித்து வரைந்தாள். பட்டை எத்தனை அகலம், நடுவில் அச்சு எப்படித் துருத்திக்கொண்டிருக்கும், முன்னால் வடம் எங்கே கட்டுவார்கள் என்று கேள்விகள். கொஞ்ச நேரத்தில் ரவிக்கைக் கவலையை மறந்துபோனாள். கடைசியில் வந்த சக்கரத்தைப் பார்த்துப் பாவாயி தன் புறங்கையைப் பக்கத்தில் வைத்து அளந்தாள். திருப்தியாகத் தலையசைத்தாள். ஊர்ப் பெண்கள் கூடிக் கோட்டை விட்டதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை முடித்துவிட்டது.

6

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்காரர்களுக்குப் பச்சை குத்துகிற சீனரின் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிராகன், புலி, நங்கூரம், பாதி மீனான பெண்கள். பாவாயி அந்த மீன் பெண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்காரர் கையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழைய வேலை, நல்ல வேலை என்றார். சரோஜாதான் மொழிபெயர்த்தாள். தெருவில் விளையாடிக் கற்ற சீனம் அவளுக்குத் தமிழைவிடச் சரளம். இந்தப் பகோடாவைச் சுற்றி ஒரு டிராகனைச் சுற்றிவிட்டால் பிரமாதமாக இருக்கும் என்று சுவரைக் காட்டினார்.

"பாம்புக்குக் காலு மொளச்சாப்ல இருக்குது. வேண்டாமுன்னு சொல்லு கண்ணு."

சரோஜா தாளில் வரைந்து வந்திருந்த சக்கரத்தை நீட்டினாள். அவர் குழம்பினார். "பகோடா ஓடாதே?"

"இது பகோடா இல்லை" என்றாள் சரோஜா. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சாமி உள்ளே உட்கார்ந்திருக்கும், ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுக்கும், சக்கரம் மட்டுமே ஆள் உயரம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நீ பார்த்திருக்கிறாயா?" என்று அவர் கேட்டார். "இல்லை. இனிமேல்தான் போய்ப் பார்க்கப் போகிறேன்" என்றாள். அவள் கண் மின்னியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இவளும் அங்கேயே இருந்துவிடுவாளோ என்றுதான் தோன்றியது.

ஊசி மின்சாரத்தில் ஓடியது, பட்டறையில் துளை போடுகிற சத்தம். பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆராச்சும் ஒரு பாட்டுப் பாடுங்களேன். பாட்டில்லாமக் குத்துனா வலிக்குதுங்க" என்றாள். எனக்குப் பாட்டு வராது. சரோஜாவுக்கு அந்த அவசரத்தில் ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஆரம்பித்தாள். சீனர் அதைச் சாமி பாட்டு என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே குத்தினார். பாவாயி வலியும் சிரிப்புமாகக் குலுங்கியதில் இடது பக்கத்துச் சக்கரம் கொஞ்சம் கோணல். பரவாயில்லை, தேர் என்றால் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

முடிந்ததும் அவர் கொடுத்த களிம்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து அரைத்து வந்த மஞ்சளையும் விளக்கெண்ணெயையும் பூசிக்கொண்டாள். புறங்கை அதிரசம் போல உப்பியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வரப்போகிற பேருந்தின் பாடி நான் கட்டியதாகவும் இருக்கலாம். அதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது.

"சக்கரம் வெச்சாச்சு. இனி தேரைப் பிடிக்க முடியாது. அண்ணன் ஊட்டு வாசல்ல போய்த்தான் நிக்கும் போல."

கேலியாகத்தான் சொன்னேன். குரல்தான் கேலியாக வரவில்லை.

பாவாயி வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போறதுக்கு எதுக்குங்க சக்கரம்? வாரப்ப சக்கரமில்லாமத்தானே கடலத் தாண்டி வந்தேன். போறதுக்கும் கப்பலு இருக்குது. எங்கண்ணன் கெட்டிக்காரருங்க. தோட்டத்து ஊட்டக் காமிச்சு, அழுது, பாசத்தக் காட்டி அங்கயே நிறுத்திப்போடுவாரு. சக்கரமில்லாட்டி நின்னுக்குவேன். திரும்பி வாரதுக்குத்தானுங்க இது."

சரோஜா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேருந்து வருகிறதா என்று நான் தெருக்கோடியைப் பார்க்க ஆரம்பித்தேன். வெகு உன்னிப்பாகப் பார்த்தேன்.

"ஏனுங்க," என்றாள் பாவாயி, "குத்துனது என் கையில. நீங்க எதுக்குங்க கண்ணத் தொடைக்கறீங்க?"